கிரனாடாவில் ரூம் போடுவது: கோட்டைக்குள்ளா, எதிர்மேட்டிலா?

தெற்கு ஸ்பெயினில் இருக்கும் கிரனாடாவுக்குப் போகிறவர்கள் எத்தனை விடுதிகளை அலசினாலும் பெரும்பாலும் இரண்டில்தான் வந்து நிற்பார்கள். ஒன்று, அல்ஹம்ப்ரா கோட்டைக்குள்ளேயே இருக்கும் பரடோர் என்ற அரசு விடுதி. மற்றது, கோட்டைக்கு எதிர்மேட்டில் அல்பைசின் என்ற பழைய குடியிருப்பில், நடுமுற்றம் வைத்த ஏதாவது ஒரு வீட்டு விடுதி. இரண்டுக்கும் படங்கள் பிரமாதமாக இருக்கும், மதிப்பெண்ணும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வாடகை மட்டும் பல நாட்களில் இரண்டு மூன்று மடங்கு வித்தியாசப்படும்.

முதல் தடவை நான் படத்தைப் பார்த்து ரூம் போட்டேன். அம்மாவும் கூட வந்திருந்தார். இரவு பத்தரை மணிக்கு டாக்சிக்காரர் ஒரு சின்னச் சதுக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, விரலை உயர்த்தி "அர்ரிபா" என்றார். மேலே என்று அர்த்தம். அதற்கு மேல் வண்டி போகாது. கைபேசி வரைபடம் 180 மீட்டர் என்று காட்டியது. அல்பைசின் சந்துகளில் ஆற்றுக் கூழாங்கற்களை நெட்டுக்குத்தாக நிறுத்தி, கறுப்பும் வெள்ளையுமாகக் கோலம் போலப் பதித்திருப்பார்கள். பார்க்க அவ்வளவு அழகு. பெட்டிச் சக்கரத்துக்கு அதைவிடப் பெரிய எமன் கிடையாது. பாதி ஏற்றத்தில் ஒரு சக்கரம் கழன்று, டக் டக்கென்று படிப்படியாகக் கீழே உருண்டு போனது. அம்மா பெட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டார். "நீ போய் ரூமைப் பாத்துட்டு வா, நான் இங்கயே இருக்கேன்."

மறுநாள் காலை சன்னலைத் திறந்தால் எதிரே அல்ஹம்ப்ரா முழுவதுமாக நிற்கிறது. பின்னால் சியரா நெவாடா மலையில் பனி. அம்மா முட்டியைத் தடவிக்கொண்டே, "இதுக்காக ஏறலாம்தான். ஆனா ஒரு தடவைதான்" என்றார்.

அதனால் நான் சொல்லப்போகும் வழிமுறையில் நட்சத்திரமும் நீச்சல் குளமும் பின்னால்தான் வரும். ஏற்றமும் நேரமும்தான் முன்னால்.

1. ஊரின் அமைப்பை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்

தர்ரோ என்று ஒரு ஒல்லியான ஆறு. ஓடை என்றே சொல்லலாம். அதன் ஒரு பக்கம் சபீகா மேடு; அதன்மேல் அல்ஹம்ப்ரா. மறுபக்கம் அல்பைசின் மேடு. அதன்மேல் வெள்ளையடித்த வீடுகள், சுவருக்குள் தோட்டம் மறைத்த 'கார்மென்' வீடுகள், அரபுக் காலத்துத் தண்ணீர்த் தொட்டிகள். ஆற்றோரம் ஒரு தெரு. அது வந்து முடிகிற இடம் பிளாசா நுவேவா என்ற சதுக்கம். அதற்கு மேற்கே ஊர் சமதரையாக விரிகிறது: பேராலயம், கடைத்தெரு, இன்னும் தள்ளி ரயில் நிலையம்.

ஊரே கடல் மட்டத்திலிருந்து சுமார் 700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிரனாடா இருக்கும் ஆண்டலூசியா மாநிலம் என்றதும் வெயிலை மட்டும் நினைத்துக்கொண்டு ஜனவரியில் மெல்லிய சட்டையோடு இறங்கினால் இரவில் பல் தந்தியடிக்கும்.

வரைபடச் செயலியில் விடுதிகளின் இடத்தைப் பார்க்கும்போது சாதாரணக் காட்சியை நம்பாதீர்கள். நடைவழியைப் போட்டு, மொத்த ஏற்றம் எத்தனை மீட்டர் என்று காட்டும் கோட்டுப் படத்தைப் பாருங்கள். அப்புறம் தெருக்காட்சிக்குள் நுழைந்து, வண்டி எந்த இடத்தில் நிற்கிறதோ அங்கிருந்து வாசல்வரை விரலாலேயே நடந்து பாருங்கள். தெருக்காட்சியே உள்ளே போக முடியாத சந்து என்றால் டாக்சியும் போகாது. இந்த ஐந்து நிமிட வேலையைச் செய்திருந்தால் என் பெட்டிக்கு நான்கு சக்கரம் இருந்திருக்கும்.

2. இரண்டையும் பிடித்து வையுங்கள், டிக்கெட் முடிவு செய்யட்டும்

இதுதான் புதிதாகப் போகிறவர்கள் தலைகீழாகச் செய்யும் இடம். ரூமை முதலில் உறுதி செய்துவிட்டு அல்ஹம்ப்ரா டிக்கெட்டைக் கடைசியில் தேடுவார்கள். அப்போது டிக்கெட் தீர்ந்திருக்கும். ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று கணக்கு உண்டு. வசந்த காலத்திலும் விடுமுறை நாட்களிலும் பல வாரங்களுக்கு முன்பே விற்றுப்போகும்.

கோட்டையில் முக்கியமானது, கிரனாடாவை ஆண்ட கடைசி முஸ்லிம் வம்சமான நஸ்ரித் அரசர்களின் அரண்மனைகள். அதற்கு உங்கள் டிக்கெட்டில் ஒரு நேரம் அச்சிட்டிருக்கும். அந்த அரை மணிக்குள் வாசலில் நுழைந்துவிட வேண்டும். உள்ளே எவ்வளவு நேரம் இருந்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். பிந்தினால் விடமாட்டார்கள், கெஞ்சியும் பயனில்லை. தோட்டம், கோட்டைக் கொத்தளம் எல்லாம் அதற்கு முன்னாலோ பின்னாலோ பார்த்துக்கொள்ளலாம்.

நம் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு இதில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. ஷெங்கன் விசாவுக்குத் தங்குமிட முன்பதிவைக் காட்ட வேண்டும், ஆனால் விசா கிடைக்கும் முன்பே பணம் திரும்பாத டிக்கெட்டை வாங்கினால் வயிற்றைக் கலக்கும். நான் செய்வது இது: பரடோர், அல்பைசின் இரண்டிலுமே இலவசமாக ரத்து செய்யக்கூடிய விலையில் ரூம் பிடித்துவிடுவேன். விசா விண்ணப்பத்தில் ஒன்றை மட்டும் காட்டுவேன். விசா கைக்கு வந்த அன்றே அல்ஹம்ப்ராவின் அதிகாரபூர்வத் தளத்தில் டிக்கெட். கிடைத்த நேரத்தைப் பார்த்து ஒரு ரூமை விடுவேன். ரத்து செய்யக் கடைசித் தேதியைக் கைபேசி நாட்காட்டியில், இரண்டு நாள் முன்னதாகவே அலாரமாகப் போட்டு வைப்பது முக்கியம். அந்தத் தேதி ஸ்பெயின் நேரப்படி என்பதையும் கவனியுங்கள்.

கிடைத்தது காலை 8:30 மணி என்றால் கோட்டைக்குள் தங்குவதன் மதிப்பு சட்டென்று கூடிவிடும். அல்பைசினிலிருந்து அந்த நேரத்துக்கு வர ஏழரைக்கெல்லாம் கிளம்பி, ஒரு மேட்டை இறங்கி இன்னொரு மேட்டை ஏற வேண்டும். இரவு நேர நுழைவு கிடைத்தாலும் அதே கதைதான். பார்த்து முடித்து நடந்தே அறைக்குப் போய்விடலாம். பிற்பகல் நேரம் கிடைத்தால் அல்பைசின் போதும். நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு வரலாம்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் தமிழர்கள் எல்லாருக்கும் வருவது: டிக்கெட் பெயரோடு வரும், நஸ்ரித் வாசலில் பாஸ்போர்ட்டைக் கேட்பார்கள். படிவத்தில் குடும்பப் பெயர் கட்டாயம்; ஸ்பானியர்களுக்கு இரண்டு குடும்பப் பெயர் உண்டு என்பதால் சில சமயம் இரண்டு கட்டம்கூட இருக்கும். இனிஷியலை வைத்துக்கொண்டு முழிக்காதீர்கள். பாஸ்போர்ட்டில் உள்ளது உள்ளபடி அப்பா பெயரை விரித்து எழுதுங்கள். ரூம் முன்பதிவிலும் அதே எழுத்துக்கூட்டல் இருக்கட்டும். ஸ்பெயினில் எந்த விடுதியானாலும் பாஸ்போர்ட்டைப் பார்த்துப் பதிவு செய்துதான் சாவி தருவார்கள்.

3. பரடோருக்குக் கொடுக்கும் பணம் எதற்கு?

பரடோர் என்பது ஸ்பெயின் அரசே நடத்தும் விடுதிச் சங்கிலி. 1928-இல் ஆரம்பித்தது. பழைய மடங்கள், கோட்டைகள், மாளிகைகள் பலவற்றை விடுதியாக்கியிருக்கிறார்கள். கிரனாடாவில் இருப்பது பழைய சான் பிரான்சிஸ்கோ மடம். அதற்கும் முன்னால் அந்த இடத்தில் இருந்தது ஒரு நஸ்ரித் அரண்மனை. 1492 ஜனவரி 2 அன்று கடைசி சுல்தான் போப்தில் நகரத்தை ஒப்படைத்த பிறகு, கத்தோலிக்க அரசி இசபெல் அதைப் பிரான்சிஸ்கன் துறவிகளுக்குக் கொடுத்தார். 1504-இல் அவர் இறந்ததும் அவர் விருப்பப்படி இங்கேதான் புதைத்தார்கள். 1521-இல் கீழே பேராலயத்தை ஒட்டிய அரச சிற்றாலயத்துக்கு மாற்றும்வரை கணவர் பெர்னாண்டோவும் அவரும் இங்கேயே இருந்தார்கள். அந்தக் கல்லறைக் கல்லைத் தாண்டித்தான் காலைச் சிற்றுண்டிக்குப் போவீர்கள்.

சரி, இந்தக் கதைக்கா அவ்வளவு வாடகை? இல்லை. நீங்கள் வாங்குவது மாலையை. பகலில் கூட்டத்தால் நெரியும் காயே ரெயால் என்ற உள்தெரு, வாசல்கள் மூடிய பிறகு காலியாகிவிடும். கடைகள் சாத்தியிருக்கும். ஓரத்தில் ஓடும் வாய்க்கால் சத்தம், பூனைகள், தூரத்தில் யாரோ காவலாளியின் சாவிக்கொத்துச் சத்தம். ஐந்தாம் கார்லோஸ் அரண்மனையின் முரட்டுக்கல் சுவரை அந்த வெளிச்சத்தில் தனியாக நின்று பார்த்தது எனக்கு நஸ்ரித் மண்டபங்களுக்கு இணையாகவே நினைவில் நிற்கிறது.

ஆனால் மூன்று தவறான நம்பிக்கைகளைக் கழற்றி வைத்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

பரடோரில் தங்கினால் அல்ஹம்ப்ரா டிக்கெட் வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். வேண்டும். விடுதி விருந்தினர் என்பதற்காக இரவில் அரண்மனைக் கதவு எதுவும் தனியாகத் திறக்காது.

அடுத்தது, அறையிலிருந்து அல்ஹம்ப்ரா தெரியும் என்பது. வீட்டுக்குள் நின்றால் வீட்டின் முகப்பு எப்படித் தெரியும்? சில அறைகளிலிருந்து ஹெனராலிபே தோட்டமும் எதிர்மேடும் தெரியும். அஞ்சலட்டையில் பார்த்த அந்தக் காட்சி, செங்கோட்டையும் பனிமலையும் சேர்ந்தது, அல்பைசின் பக்கத்திலிருந்துதான் கிடைக்கும். முன்பதிவு செய்யும்போது அறை எந்தப் பக்கம் என்று கேட்டு வாங்குங்கள். முற்றத்தைப் பார்த்த அறையும் உண்டு, வெறும் சுவரைப் பார்த்த அறையும் உண்டு.

மூன்றாவது, ஊருக்கு நடுவில் இருக்கிறோம் என்பது. இரவுச் சாப்பாட்டுக்கு ஊருக்குள் போய்விட்டு, மரங்கள் அடர்ந்த குவெஸ்டா தெ கொமெரெஸ் சரிவில் ஏறி வர இருபது நிமிடமாவது ஆகும். பிளாசா இசபெல் லா கத்தோலிகாவிலிருந்து சி30 என்ற சின்னச் சிவப்புப் பேருந்து மேலே வரும். நேரம் கடந்துவிட்டால் டாக்சிதான்.

பெட்டி விஷயத்தில் மட்டும் பரடோருக்கு முழு மதிப்பெண். டாக்சி வாசல் வரைக்கும் வரும். பெரியவர்களோடு போகிறீர்கள், பணம் ஒரு தடை இல்லை என்றால் யோசிக்க வேண்டியதில்லை.

பணம் தடையாக இருந்தால் ஒரு வழி சொல்கிறேன். பரடோரின் வெளித்திண்ணையில் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து காபி குடிக்கலாம். காயே ரெயால், ஐந்தாம் கார்லோஸ் அரண்மனை, நீதி வாசல் இதெல்லாம் டிக்கெட் இல்லாமலேயே போகக்கூடிய பகுதிகள். கல்லறைக் கல்லையும் பார்த்துவிட்டு வரலாம். இரண்டாவது பயணத்தில் மூன்று இரவு தங்கியபோது பார்த்ததில் முக்கால்வாசியை, மூன்றாவது பயணத்தில் ஒரு காபி விலையில் திரும்பவும் அனுபவித்தேன்.

4. அல்பைசின் வீட்டில் எதைக் கேட்டு வாங்குவது

இந்த வகை விடுதிகள் எல்லாம் ஒரே சாடை. தெருவுக்கு முதுகைக் காட்டிய வெள்ளைச் சுவர், கனமான மரக்கதவு, உள்ளே தூண்கள் வைத்த முற்றம், நடுவில் தண்ணீர், சுற்றிலும் மாடி வராந்தா. செட்டிநாட்டு வீட்டு முற்றத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு நுழைந்த உடனேயே பழகிய இடம்போல இருக்கும். அந்த அழகுக்குள்தான் பொறியும் இருக்கிறது.

வீடு பழசு என்பதால் ஓர் அறை போல இன்னோர் அறை இருக்காது. 'உள் அறை' என்று போட்டிருந்தால் சன்னல் முற்றத்தைப் பார்க்கும். வெளிச்சம் குறைவு, வெயில் காலத்தில் குளுமை, தெருச் சத்தம் வராது. ஆனால் முற்றத்தில் நள்ளிரவில் யாராவது பெட்டியை இழுத்தால் உங்கள் தலைமாட்டில் இழுப்பது போலக் கேட்கும். 'வெளி அறை' என்றால் தெருவைப் பார்த்தது. 'அல்ஹம்ப்ரா காட்சி' என்று தனியாக விலை போட்டிருந்தால் மட்டுமே கோட்டை தெரியும். இல்லாத பட்சத்தில் முகப்புப் படத்தில் பார்த்த காட்சி அந்த வீட்டின் மொட்டைமாடியில் எடுத்தது. உங்கள் கட்டிலிலிருந்து எடுத்தது இல்லை.

அதற்காக அதிகப் பணம் கொடுக்க வேண்டுமா? என் கருத்தில் தேவையில்லை. மாடி எல்லாருக்கும் பொது என்றால் அங்கே போய் உட்காரலாம். சான் நிக்கோலாஸ் காட்சிமேடையும் நடக்கும் தூரம்தான். சூரியன் மறையும் நேரத்தில் அங்கே கிடாரும் கூட்டமுமாகத் திருவிழாபோல இருக்கும். பைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். காலை ஏழு மணிக்குப் போனால் நீங்களும் நாய் கூட்டிவந்த ஒரு பெரியவரும் மட்டும்தான்.

முன்பதிவு செய்யும் முன் ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்க வேண்டியவை என்று என்னிடம் ஒரு பட்டியல் இருக்கிறது. டாக்சி எந்த இடம்வரை வரும், அங்கிருந்து எத்தனை படி? லிப்ட் உண்டா? (பெரும்பாலும் இருக்காது. அப்படியானால் கீழ்த்தளத்து அறை கொடுங்கள் என்று அப்போதே எழுதுங்கள்.) இரவு பத்துக்கு மேல் வந்தால் வரவேற்பில் ஆள் இருப்பாரா, இல்லை கதவுக்கு எண் அனுப்புவார்களா? டிசம்பர் முதல் மார்ச் வரை என்றால் அறைக்குள் ஹீட்டர் நாள் முழுக்க ஓடுமா? ஜூலை, ஆகஸ்டு என்றால் ஏசி அந்த அறையிலேயே இருக்கிறதா? கட்டில் ஒன்றா இரண்டா என்பதையும் கேளுங்கள். 'மாத்ரிமோனியோ' என்றால் ஒரே பெரிய கட்டில். அம்மாவோடு போகிறவரும் நண்பரோடு போகிறவரும் 'தோஸ் காமாஸ்', இரண்டு கட்டில், என்று சொல்ல மறக்கக் கூடாது.

பதில் வரும் விதமே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். நான் கேட்ட ஐந்து கேள்விக்கும் ஒவ்வொன்றாகப் பதில் எழுதி, சந்தின் படத்தில் அம்புக்குறி போட்டு அனுப்பிய இடத்தில் தங்கினேன், நன்றாக இருந்தது. "எல்லாம் வசதியாக இருக்கும்" என்று ஒரே வரியில் பதில் அனுப்பிய இடத்தில்தான் சக்கரம் போனது.

கார் எடுத்து ஓட்டுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பழைய நகரத்துக்குள் வெளி வண்டிகளுக்குத் தடை, கேமரா வைத்துப் பிடிப்பார்கள். விடுதிக்கு வண்டி எண்ணை முன்கூட்டியே கொடுத்தால் அவர்கள் பதிவு செய்வார்கள். அதற்குப் பிறகும் அல்பைசின் சந்துக்குள் வாடகைக் காரை நுழைக்காதீர்கள். அங்கே வீட்டுச் சுவர்களில் தெரியும் கோடுகளைப் பார்த்தாலே புரியும். வண்டியோடு வருகிறவர்களுக்குப் பரடோர்தான் சுலபம். நெடுஞ்சாலையிலிருந்து ஊருக்குள் நுழையாமலேயே மேலே ஏற வழி உண்டு.

5. சாப்பாட்டையும் கணக்கில் சேருங்கள்

இதை யாரும் விடுதித் தேர்வோடு சேர்த்துப் பேசுவதில்லை. ஆனால் கிரனாடாவில் சேர்க்கத்தான் வேண்டும், ஏனென்றால் இங்கே மதுக்கடைகளில் ஒரு பானம் வாங்கினால் கூடவே ஒரு தட்டு 'தபா' இலவசமாக வரும். ஸ்பெயினின் பல ஊர்களில் போய்விட்ட வழக்கம் இது. மது குடிக்காதவர்கள் 'மோஸ்தோ' என்று கேளுங்கள், திராட்சைச் சாறு வரும், கூடவே பெரும்பாலும் தட்டும் வரும். நாலு கடை ஏறி இறங்கினால் இரவுச் சாப்பாடு முடிந்தது. கோட்டைக்குள் தங்கினால் இந்தச் சுகம் கைக்கெட்டாத தூரத்தில் இருக்கும். மேலே உணவகங்கள் சில, விலையும் மேலே.

சைவக்காரர்களுக்கு: 'வெஹெதாரியானோ' என்று சொன்னால் சூரை மீன் போட்ட சாலட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் புன்னகைப்பார்கள். "சின் கார்னே, சின் ஹமோன், சின் பெஸ்காதோ" என்று இறைச்சி, பன்றித்தொடை, மீன் மூன்றையும் தனித்தனியாக விலக்க வேண்டும். கரும்புப் பாகு ஊற்றிய கத்தரிக்காய் வறுவல் எங்கும் கிடைக்கும். நம் நாக்குக்கு உடனே ஒத்துப்போகும். பிளாசா நுவேவாவுக்குப் பக்கத்தில் கால்தெரெரியா நுவேவா என்ற சந்தில் மொராக்கோ பாணித் தேநீர்க் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே கொண்டைக்கடலை, காய்கறி வகைகள் கிடைக்கும். இரவுச் சாப்பாட்டு அடுப்பு பல இடங்களில் எட்டரைக்கு முன் பற்றாது என்பதால் குழந்தைகள் இருந்தால் அறையில் பழமும் பிஸ்கட்டும் இருக்கட்டும்.

விடுதிக் காலைச் சிற்றுண்டியைப் பரடோரில் சேர்த்து வாங்கலாம், வெளியே வேறு வழி குறைவு. அல்பைசினில் வேண்டாம். தெருமுனைக் கடையில் தக்காளி தடவிய ரொட்டியும் காபியும் விடுதி விலையில் ஒரு சிறு பங்குக்குத்தான் வரும்.

6. இரண்டும் ஒத்துவராவிட்டால்

முட்டிவலி இருக்கிறது, பரடோர் விலையும் கட்டுப்படியாகாது என்றால் இரண்டையும் ரத்து செய்துவிட்டுப் பிளாசா நுவேவாவுக்கும் பேராலயத்துக்கும் இடையே சமதரையில் லிப்ட் வைத்த சாதாரண விடுதி ஒன்றைப் பிடியுங்கள். 'ஓஸ்தால்' என்று பெயர்ப்பலகை இருந்தால் பயப்பட வேண்டாம். அது மாணவர் ஹாஸ்டல் கிடையாது, குடும்பங்கள் நடத்தும் எளிய தங்குமிடம், தனி அறைதான். சி30 கோட்டைக்கும் சி31 அல்பைசினுக்கும் பக்கத்திலிருந்தே கிளம்பும். அம்மாவோடு மறுபடி போனால் நான் செய்யப்போவது இதுதான்.

ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் மட்டும் இந்தச் சமதரை யோசனையையும் ஒத்திப்போடுங்கள். ஊர்வலங்கள் மணிக்கணக்கில் தெருக்களை அடைத்துக்கொள்ளும், உங்கள் விடுதி வாசலுக்கே போக முடியாமல் நிற்பீர்கள். வாடகையும் எகிறியிருக்கும்.

7. கிளம்பும் முந்தைய நாள்

மாட்ரிடிலிருந்து 2019 முதல் அதிவேக ரயில் நேராகக் கிரனாடா வரை வருகிறது, மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். விமான நிலையம் ஊருக்கு மேற்கே. பேருந்து மையப்பகுதிவரை வரும். எதில் வந்தாலும் இருட்டுவதற்குள் அறைக்குப் போய்ச் சேரும்படி நேரம் பாருங்கள், முக்கியமாக அல்பைசின் என்றால். விடுதிக்கு வந்துசேரும் நேரத்தை எழுதி அனுப்புங்கள். டாக்சி நிற்கும் இடத்தின் பெயரை ஸ்பானிய மொழியில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநரிடம் விடுதியின் பெயரைச் சொல்வதைவிட அந்தத் தாளை நீட்டுவது வேலை செய்கிறது. பெட்டியிலிருந்து இரண்டு இரவுக்கான துணியை ஒரு முதுகுப்பைக்கு மாற்றிவிட்டு, பெரிய பெட்டியை ரயில் நிலையத்தில் வைக்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அங்கேயே விட்டுவிட்டு மேலே ஏறுங்கள்.